தனிக் கச்சேரிக்கு முந்திய கடைசி மாதம்: திருகோணமலைப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்பவை

கர்நாடக சங்கீத அரங்கேற்றத் திகதி குறித்து, அழைப்பிதழும் அச்சுக்குப் போன பிறகு வகுப்பு வாசலில் ஒரே மாதிரியான கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சில பிள்ளைகள் கேட்பவை. பல, அம்மா அப்பாமார் கேட்பவை. கேட்டபடியே எழுதிப் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். பெரும்பாலும் வாய்ப்பாட்டை மனதில் வைத்து எழுதியது. வயலின், வீணை வாசிப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

டீச்சர், இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாட வேணும்?

வளர்ந்த பிள்ளைக்கு முழுக்குரலில் இரண்டு மணித்தியாலம் போதும். அதையும் ஒரே இருப்பில் பாட வேண்டாம். விடியற்காலையில் முக்கால் மணி நேரம் மந்தர ஸ்தாயியும் (கீழ்க்குரல்) அகாரமும் (‘ஆ’ என்று பாடுவது), ஒரு வர்ணம் இரண்டு காலத்திலும் (வேகத்திலும்). மிச்சத்தைப் பின்னேரம், கச்சேரி தொடங்கும் அதே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறரை மணிக்கு மேடை என்றால் உடம்பும் குரலும் ஆறரைக்குப் பழக வேண்டும்.

இதற்கு வெளியே வாய் திறக்காமல் செய்யும் வேலை நிறைய இருக்கிறது. தாளம் போட்டு மனதுக்குள் பாடுவது, சாகித்தியத்தை (பாட்டின் சொற்களை) பேச்சாகச் சொல்லிப் பார்ப்பது, தன் ரெக்கோட்டைக் கொப்பியோடு இருந்து கேட்பது. டியூஷனுக்குப் போகிற பஸ்ஸிலும் இதைச் செய்யலாம். கடைசி மாதம் வந்தவுடன் நேரத்தை இரட்டிப்பாக்கும் வீடுகளில்தான் கடைசி வாரத்தில் தொண்டை கட்டிய பிள்ளைகளைப் பார்க்கிறேன். வாத்தியக்காரருக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு முதலில் நோவது தோளும் மணிக்கட்டும்.

சங்கீத சபைப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணின பிள்ளைதானே. இனிப் புதுசா என்ன பயிற்சி இருக்கு?

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை நல்ல அத்திவாரம். ஆனால் அங்கே பரீட்சகர் இதைப் பாடு, அந்த இடத்தில் நிறுத்து என்று கேட்பார். ஒரு உருப்படிக்கும் (பாட்டுக்கும்) அடுத்ததற்கும் இடையில் மூச்சு விட நேரமிருக்கும். கச்சேரியில் இரண்டு மணி நேரத்தைக் கொண்டு நடத்துவது பிள்ளைதான். எப்போது தொடங்குவது, எந்தக் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்), நிரவலை (ஒரு வரியை விரித்துப் பாடுவதை) எங்கே முடிப்பது, வயலினுக்கு எப்போது விடுவது எல்லாம் அதன் கையில்.

ஆகவே சாதகத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று திருத்துகிற சாதகம்: பிழைத்த இடத்தில் நின்று, அந்த ஒரு சங்கதியை (வரியை மாற்றிப் பாடும் விதத்தை) மெதுவாக எடுத்து, சரியாகும் வரை பாடுவது. மற்றது நடத்துகிற சாதகம்: என்ன பிழைத்தாலும் நிற்காமல், முகம் சுளிக்காமல், தாளத்தை விடாமல் முடிவுவரை போவது. பல பிள்ளைகள் முதல் வகையை மட்டுமே வருடக்கணக்காகச் செய்து வந்திருப்பார்கள். பிழை வந்ததும் நிறுத்துவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. மேடையிலும் அந்தப் பழக்கம்தான் வெளியே வரும்.

மாதத்தின் தொடக்கத்தில் முக்கால் பங்கு திருத்தம், கால் பங்கு நடத்துதல். கடைசி வாரத்தில் அதைத் தலைகீழாக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம். நடத்தும்போது கண்ட பிழைகளை முடிந்த பிறகு பென்சிலால் குறித்து, அடுத்த நாள் காலைத் திருத்தத்துக்கு எடுங்கள்.

எல்லா உருப்படியும் ஒவ்வொரு நாளும் முதல்ல இருந்து கடைசி வரை பாட வேணுமோ?

வேண்டாம். அப்படிச் செய்தால் முதல் மூன்று உருப்படிகள் பளிச்சென்று இருக்கும், பின்னால் வருபவை களைத்த குரலில் மட்டுமே பாடப்பட்டிருக்கும். முழுக் கச்சேரியையும் வாரத்துக்கு ஒரு முறை, கடைசிப் பத்து நாட்களில் இரண்டு முறை ஓட்டினால் போதும். மற்ற நாட்களில் வரிசையைக் குலைத்துப் பாடுங்கள். உருப்படிகளின் பெயரைத் துண்டுகளில் எழுதிக் குலுக்கி, வருவதைப் பாடச் சொல்லலாம். எதுவும் பாடிச் சூடேறாத குரலில் பிரதான உருப்படியின் அனுபல்லவியை (இரண்டாம் பகுதியை) சட்டென்று எடுக்க முடிந்தால், அந்தப் பாட்டு உண்மையில் கைவசம் இருக்கிறது.

பெரும்பாலானோர் விட்டுவிடும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு பாட்டின் கடைசி வரியையும் அடுத்த பாட்டின் முதல் வரியையும் மட்டும் சேர்த்துப் பாடுவது. சங்கராபரணம் முடிந்த காதில் சுத்த மத்திமம் நிற்கும். அடுத்தது கல்யாணி என்றால் பிரதி மத்திமம் உடனே சுத்தமாக விழாது. ஆதி தாளத்தில் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) எடுத்த பாட்டு முடிந்து, அடுத்தது மிச்ர சாபு (ஏழு எண்ணிக்கைத் தாளம்) என்றால் கை தடுமாறும். இந்த மூட்டுகளை மட்டும் பத்து நிமிடத்தில் முழுக் கச்சேரிக்கும் பார்த்துவிடலாம்.

வீட்டில நல்லா வருது, ஆக்களுக்கு முன்னால வந்தா எல்லாம் குழம்புது. ஏன்?

வீட்டில் முதல் தடவை சரியாக வந்ததா, ஐந்தாம் தடவை சரியாக வந்ததா என்று பாருங்கள். நாலு முறை பாடிச் சூடான பிறகு வருவதைத்தான் நாம் ‘வருது’ என்று சொல்கிறோம். மேடையில் கிடைப்பது முதல் தடவை மட்டும். ஆகவே நாளின் ஏதோ ஒரு நேரத்தில், ஆயத்தம் எதுவுமில்லாமல், போனில் ரெக்கோட்டைப் போட்டுவிட்டு ஒரு உருப்படியை ஒரே ஒரு முறை பாடுங்கள். மறுபடி பாடக்கூடாது. அந்த ரெக்கோட்தான் உங்கள் உண்மையான நிலை.

ஆட்களையும் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். முதலில் வீட்டார், பிறகு அயலவர் இருவர், பிறகு வெள்ளிக்கிழமைக் கோவில் கூட்டுப்பிரார்த்தனையில் ஒரு பாட்டு. நவராத்திரி ஒன்பது நாளும் எங்கள் ஊர்க் கோவில்களிலும் பாடசாலைகளிலும் பிள்ளைகளுக்குச் சிறு மேடை கிடைக்கும். அரங்கேற்றம் அதற்குப் பின்னால் வருகிறதென்றால் அந்த வாய்ப்பை விடவே கூடாது.

சொல் மறந்திட்டா என்ன செய்ற? கொப்பியை முன்னால வைக்கலாமோ?

வைப்பது குற்றமில்லை. நன்கு தேர்ந்தவர்களும் வைத்திருப்பார்கள். ஆனால் கொப்பி இருக்கிறது என்ற நம்பிக்கையில் பாடமாக்காமல் விடுவதுதான் வினை. மேடை வெளிச்சத்தில் வரியைத் தேடுவதற்குள் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) போய்விடும். உருப்படிகளின் வரிசையும் ஒவ்வொன்றின் முதல் வரியும் சரண முதல் வரியும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

பாடத்தைச் சோதிக்க மூன்று வழிகள் உண்டு. பாதி வேகத்தில் பாடுங்கள். வேகமாகப் போகும்போது நாக்கு தன்பாட்டில் சொல்லிவிடும், மெதுவில் அந்த உதவி கிடைக்காது. சரணத்திலிருந்து தொடங்குங்கள். கடைசியாக, சாகித்தியத்தைப் பாடாமல் பொருள் விளங்கச் சொல்லுங்கள். தெலுங்கு, சமஸ்கிருத உருப்படிகளில்தான் நம் பிள்ளைகளுக்கு அதிகம் வழுக்குகிறது. சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தால் அடுத்த சொல் தானாக வரும்.

இவ்வளவுக்கும் பிறகு மறந்தால், அதே பல்லவி வரிக்குத் திரும்புங்கள், அல்லது அந்த வரியையே இன்னொரு முறை பாடுங்கள். தாளம் மட்டும் நிற்கக் கூடாது. இதையும் ஒத்திகையில் வேண்டுமென்றே செய்து பாருங்கள்: யாராவது கை தட்டியதும் அந்த இடத்திலிருந்து பல்லவிக்குத் தாவ வேண்டும்.

எங்கட பிள்ளை மேடையில ஓடுறா. காலப்பிரமாணத்தை எப்பிடிப் பிடிச்சு வைக்கிற?

நெஞ்சு வேகமாக அடிக்கும்போது வழக்கமான காலப்பிரமாணம் மந்தமாகத் தோன்றும். அதனால்தான் ஓடுகிறது. பாட்டை எடுப்பதற்கு முன், அந்தப் பாட்டில் சொற்கள் மிக நெருக்கமாக வரும் இடத்தை, மத்தியமகால சாகித்தியமோ சிட்டைஸ்வரமோ, மனதுக்குள் ஒரு முறை பாட வேண்டும். அது தெளிவாக வரும் வேகம்தான் பாட்டின் வேகம். பிறகு ஒரு ஆவர்த்தனம் தாளம் போட்டு எடுக்கலாம். இந்த ஒரு பழக்கம் பாதி ஓட்டத்தை நிறுத்திவிடும்.

இன்னொன்று, மூச்சு வாங்கும்போது பாடிப் பழகுவது. மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு, அல்லது கோணேசர் கோவில் ஏற்றத்தை விறுவிறுவென்று ஏறி முடித்துவிட்டு, நெஞ்சு அடிக்கும்போதே வர்ணத்தின் முதல் வரியை அதன் சரியான காலத்தில் மெல்லிய குரலில் எடுத்துப் பாருங்கள்.

கற்பனாஸ்வரத்தை எழுதிப் பாடமாக்கலாமோ? அது பிழையோ?

கற்பனாஸ்வரம் மேடையிலேயே கற்பனை செய்து ஸ்வரம் பாடுவது. ஆனாலும் அரங்கேற்றப் பிள்ளைக்கு ஒரு கோர்வையும் (முடிக்கும் கணக்கு), குறைப்பு (ஸ்வரங்களைச் சுருக்கிக்கொண்டு போவது) போகும் வழியும், தொடக்கத்துக்கு நாலைந்து சிறு ஆவர்த்தனங்களும் ஆயத்தமாக இருப்பதில் பிழையே இல்லை. முழுவதையும் எழுதி ஒப்புவிப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். வயலின்காரர் பதில் சொல்லும்போது பிள்ளை அதைக் கேட்காமல் தன் அடுத்த வரியை நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு சொல் தவறினால் மிச்சமெல்லாம் உதிர்ந்துபோகும்.

நடுவில் உள்ளதைத் தினமும் வேறு வேறாகப் பாடட்டும். ஒரு நாள் காந்தாரத்தில் முடியும் ஸ்வரங்கள் மட்டும், அடுத்த நாள் பஞ்சமத்தில். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலிருந்து தள்ளி வரும் பாட்டென்றால், கோர்வை எத்தனையாம் எண்ணிக்கையில் தொடங்கினால் எடுப்பில் வந்து சேரும் என்பதை மட்டும் மறக்கவே முடியாதபடி பாடமாக்க வேண்டும். கணக்கு அங்கே பிசகினால் மிருதங்கமும் பிசகும், சபைக்கும் தெரியும்.

அப்ப ஆலாபனை?

தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் அதற்கும் இதே முறைதான். எங்கே தொடங்கி எந்த ஸ்வரங்களில் நின்று தார ஸ்தாயியில் எதுவரை போய் இறங்குவது என்ற பாதை நிச்சயமாக இருக்கட்டும்; பிடிகள் (ராகத்தின் சிறு துண்டுகள்) அன்றன்று வரட்டும். பிரதான ராகத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தோடி, காம்போதி போன்றவற்றில் இளம் பிள்ளை சொல்லக்கூடியது அதற்குள் முடிந்துவிடும். பிறகு வருவதெல்லாம் திருப்பிச் சொல்வது.

கடைசி வாரத்தில ஒரு பாட்டுச் சேர்க்கச் சொல்லினம். கோணேசர் மேல ஒண்டும் இல்லையாம்.

புதுக் கிருதி என்றால் மறுத்துவிடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் புது உருப்படியும் வேண்டாம், பழைய உருப்படிக்குப் புதுச் சங்கதியும் வேண்டாம். அவசரமாக ஏற்றியது, பதற்றத்தில் பழையதோடு கலந்து இரண்டையும் கெடுக்கும்.

கோணேசர் மேல் வேண்டுமென்றால் சம்பந்தர் பதிகம் இருக்கவே இருக்கிறது, மூன்றாம் திருமுறையில். இங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அது சிறுவயதிலேயே பாடம். பண் (தேவாரத்தின் பழைய ராகம்) புறநீர்மை, இப்போது பூபாளத்தில் பாடுவது வழக்கம். பகலுக்குரிய இந்தப் பண்ணில் மாலைக் கச்சேரியில் பாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பதிகத்தை அதன் பண்ணிலேயே பாடுவதைத்தான் நான் விரும்புகிறேன். கச்சேரியின் பிற்பகுதியில், தனியாவர்த்தனம் (மிருதங்கம் தனியே வாசிப்பது) முடிந்து துக்கடாக்கள் (சிறு பாடல்கள்) வரும் இடத்தில் ஒரு பாடல், அதிகமென்றால் இரண்டு.

பக்கவாத்தியக்காரர் யாழ்ப்பாணத்தில இருந்து முதல் நாள்தான் வருவினம். ஒரு ஒத்திகை காணுமோ?

காணும், அதற்குமுன் வேலை நடந்திருந்தால். இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு தாளை அனுப்பிவிடுங்கள்: கட்டை (சுருதி) எத்தனை, உருப்படி, ராகம், தாளம், எத்தனை களை (தாள எண்ணிக்கை ஒவ்வொன்றும் எத்தனை முறை), எடுப்பு எந்த இடம், நிரவல் எந்த வரி, ஸ்வரம் எந்த இடத்துக்கு, தனி எதற்குப் பிறகு. கூடவே பிள்ளை பாடிய ரெக்கோட்டையும் வட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

வந்த அன்று முழுக் கச்சேரியையும் பாட வேண்டாம்; குரல் அடுத்த நாளுக்கு வேண்டும். எடுப்புகள், நிரவல் வரி, கோர்வை, முடிப்புகள், கண் சைகைகள் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். மேலே சொன்ன மூட்டுகளையும் அவர்களோடு ஒரு முறை தொட்டுவிடுங்கள்.

எவரும் பழகாமல் வரும் இடம் தனியாவர்த்தனம். பிள்ளை பாடுவதில்லை, ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம் தாளத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். திஸ்ரம் (மூன்று), கண்டம் (ஐந்து) என்று நடை மாறும்போது கை கூடவே இழுபடும். பெரிய கோர்வை மூன்று முறை வந்து முடிந்ததும் எடுப்பைப் பிடிக்க வேண்டும். மிருதங்கத் தனி ரெக்கோட் ஒன்றைப் போட்டு, நாளுக்கு ஒரு தடவை தாளம் போட்டுப் பழகுங்கள். குரலுக்கு ஓய்வான நாளில் செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை.

இரண்டு மணித்தியாலம் சம்மணம் கட்டி இருந்தா கால் விறைக்குது.

வீட்டில் கதிரையிலோ கட்டிலிலோ இருந்து பாடிய பிள்ளைக்கு விறைக்கத்தான் செய்யும். இன்றிலிருந்தே பாயை விரித்து நிலத்தில். பின்புறம் சிறிது உயரும்படி மடித்த துணி ஒன்றை வைத்தால் முதுகும் நிமிரும், வயிறும் விடுபட்டு மூச்சு இறங்கும். உருப்படிகளுக்கு இடையில் காலை மாற்றிக்கொள்ளலாம்.

கடைசி முழு ஒத்திகையை மேடை உடுப்போடு செய்யுங்கள். இறுக்கமான சட்டை, புதுச் சாறி, அட்டியல், வளையல் எல்லாம் போட்டு. தாளம் போடும் கையில் சத்தமிடும் வளையல் வேண்டாம். மைக் அதை முழுவதும் இழுத்துவிடும்.

கச்சான் காத்துக் காலத்தில தேதி வைச்சிட்டம். தொண்டையை எப்பிடிப் பாதுகாக்கிற?

வருட நடுப்பகுதியில் வீசும் கச்சான் சூடும் வரட்சியுமான காற்று. அந்த நாட்களில் தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பாடுவதற்கு ஐந்து நிமிடம் முன் ஒரு போத்தல் குடிப்பதால் பயன் குறைவு. குடிக்கும் தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதில்லை, உடம்பு வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். நேரே போவது ஆவி. அடுப்பில் கொதித்த வெறும் தண்ணீரின் ஆவியை, சூட்டில் கவனமாக, காலையும் மாலையும் பிடிக்கலாம். ஃபேன் காற்று முகத்தில் படப் படுக்க வேண்டாம்.

தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதும், குரல் போனால் இரகசியம் பேசுவதும் இரண்டும் கெடுதல். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. கொத்தமல்லித் தண்ணீர், இளஞ்சூட்டில் பிளேன்டீ நல்லது. மெந்தோல் மிட்டாய் இதமாக இருக்கும், ஆனால் பலருக்குத் தொண்டையை உலர்த்தும். காய்ச்சலோ, விழுங்க முடியாத நோவோ இருந்தால் கைவைத்தியத்தை விட்டு வைத்தியரிடம் போங்கள்.

வயலினும் வீணையும் வாசிக்கிற பிள்ளையளுக்கு இந்தக் கடற்காத்தில என்ன கவனம்?

புதுத் தந்தியைக் கச்சேரிக்கு முதல் நாள் போட வேண்டாம். இழுபட்டு நிலைக்க ஒரு வாரமாவது வேண்டும். பழைய தந்தியை, வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். மாரியில் ஈரத்தில் வயலின் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) இறுகி நிற்கும், கச்சானில் வழுக்கும். வீணைக்கு மெழுகுதான் கவலை. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வீணையை விட்டால் மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகு இளகி அவை அசையும்.

கோவில் மண்டபத்திலதான் மேடை. காத்து, மணி, கரண்ட் எல்லாத்துக்கும் என்ன செய்ற?

மைக்குக்குப் பஞ்சுறை கேட்டு வாங்குங்கள். கடல் பக்கம் திறந்த மேடையில் அது இல்லாவிட்டால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். தாளை அழுத்தி வைக்க ஏதாவது கனமாக வேண்டும். பூசை நேரத்தை ஐயரிடம் முன்பே கேட்டு, மணி அடிக்கும் நேரத்தில் ஆலாபனை வராதபடி வரிசையை அமையுங்கள். சுருதிப் பெட்டியை மின்சாரத்தில் மட்டும் நம்பியிருக்க வேண்டாம். முழுச் சார்ஜ் ஏற்றிய போனில் தம்புரா செயலி ஒன்று ஆயத்தமாக இருக்கட்டும்.

சவுண்ட்காரரிடம் பிள்ளையின் பக்கம் ஒரு மொனிட்டர் கேளுங்கள். சுருதி காதில் விழாத பிள்ளை கத்தத் தொடங்கும், மூன்றாம் உருப்படியிலேயே குரல் களைக்கும்.

கச்சேரி அண்டைக்குக் காலையில எவ்வளவு பாட வேணும்? சாப்பாடு?

இருபது நிமிடம், மந்தரத்தில் தொடங்கி மெதுவாக. ஒவ்வொரு உருப்படியின் எடுப்பையும் ஒரு முறை தொட்டால் போதும், எதையும் திருத்தத் தொடங்காதீர்கள். மத்தியானம் ஒரு சிறு நித்திரை. முதல் நாள் இரவு நன்றாக உறங்குவது, சாமம் வரை பாடுவதைவிடப் பாடத்தை உறுதியாக்கும்.

சாப்பாடு மேடைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், இடியப்பமும் சொதியும் போல இலேசாக. எண்ணெய்ப் பலகாரம், அதிக உறைப்பு நெஞ்செரிவைத் தந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும். வந்த சொந்தக்காரரோடு மணிக்கணக்காகக் கதைப்பதைத் தடுப்பது பெற்றோர் வேலை.

காலையில எழும்பினா குரல் அடைச்சிருக்கு. சுருதியைக் குறைச்சுப் பாடலாமோ?

பாடலாம், அதில் வெட்கமில்லை. ஐந்தரைக் கட்டைப் பிள்ளை ஐந்தில் பாடினால் சபையில் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். தார பஞ்சமத்தில் கீச்சிட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். முதலில் ஆவி பிடித்து, மந்தரத்தில் பத்து நிமிடம் பாடிப் பாருங்கள். விடிந்த குரல் பல வேளை மதியத்துக்குள் திறந்துவிடும். நோவு இருந்தால் பாடிப் பார்க்கவே வேண்டாம்.

குறைப்பதென்றால் அரைக் கட்டைக்கு மேல் வேண்டாம். வயலினை இறக்கலாம், ஆனால் தந்தி நிலைக்க நேரம் வேண்டும். மிருதங்கத்தைத் தட்டி அரைக் கட்டை இறக்குவது பெரும்பாலும் முடியும். அதற்கு மேலென்றால் வேறு மிருதங்கம் தேவைப்படும். கடத்தையும் மோர்சிங்கையும் அப்படி இறக்க முடியாது, வேறொன்றுதான் கொண்டுவர வேண்டும். ஆகவே முடிவைக் காலை பத்து மணிக்குள் எடுத்து, பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சுருதிப் பெட்டியையும் அப்போதே மாற்றி வைத்து, எடுப்புகளைப் புதுக் கட்டையில் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.